கண்ணாடி போல் உடையும் கல்: கொசஸ்தலைக் கரைக் குறிப்புகள்

கொசஸ்தலை ஆற்றின் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மதகைப் பார்க்கிறார்கள், வறுத்த மீன் வாங்கிச் சாப்பிடுகிறார்கள், வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. 1985இல் தொடங்கியது. சின்னக் கட்டடம். தங்கமோ வெண்கலச் சிலையோ எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை. பெட்டி பெட்டியாகக் கற்கள்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

காட்சிப் பெட்டியின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்கோடரி, கற்கால மனிதர் கல்லைத் தட்டிச் செய்த கருவி. இந்தக் கண்ணாடியும் அந்தக் கல்லும் அடிப்படையில் ஒரே பொருளால் ஆனவை: சிலிக்கா. சன்னல் கண்ணாடியில் எடைக்கு ஏறக்குறைய 70 சதவீதம் அது. கைக்கோடரி செய்த குவார்ட்சைட் கல்லில் அதைவிட மிக அதிகம். மணலை உருக்கி நாம் கண்ணாடி ஆக்குகிறோம். அதே மணலை அழுத்தியும் சுட்டும் பூமி இந்தக் கல்லை ஆக்கியிருக்கிறது.

*

சாதாரண மணற்கல்லை உடைத்தால் பிளவு மணல் துகள்களைச் சுற்றிக்கொண்டு போகும். உடைந்த முகம் சொரசொரப்பாக இருக்கும், விரலால் தேய்த்தால் மணல் உதிரும். குவார்ட்சைட்டில் அப்படியில்லை. துகள்களுக்கு நடுவே சிலிக்காவே இறுகி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டதால் பிளவுக்குச் சுற்றுவழி கிடையாது. துகளையே அறுத்துக்கொண்டு நேராகப் போகிறது. அதனால்தான் அது கண்ணாடியைப் போல உடைகிறது. முகம் வழவழப்பாகவும், விளிம்பு தோலை அறுக்கும் கூர்மையோடும் வரும்.

உடைந்த சோடா பாட்டிலின் தடித்த அடிப்பாகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அடிபட்ட புள்ளியிலிருந்து வளைவு வளைவாக அலைகள் பரவியிருப்பது தெரியும். அடி விழுந்த இடத்தருகே ஒரு சிறு புடைப்பும் இருக்கும். பூண்டியில் இருக்கும் கற்செதில்களில் அதே புடைப்பு, அதே அலை. ஆற்றில் உருண்டு தானாக உடைந்த கல்லையும் மனிதர் உடைத்த கல்லையும் பிரித்துச் சொல்ல ஆய்வாளர்கள் முதலில் தேடுவது இதைத்தான். பிறகு, அடி விழுந்த வரிசையைப் பார்ப்பார்கள். ஒரே ஒரு செதில் தற்செயலாகப் பெயரலாம். ஒரு விளிம்பை இருபுறமும் மாற்றி மாற்றித் தட்டி, துளி வடிவத்தில் நடுக்கோடு பிசகாமல் கூராக்குவது தற்செயலாக நடக்காது.

நான் போன ஒரு நாள் அகழ்வைப்பகத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். ஒரு பையன் தன் ஆசிரியரிடம், “சார், இது வெறும் கல்லுதான சார்?” என்று கேட்டான். கேட்கவேண்டிய கேள்விதான். ஆசிரியரும் நல்லவர், பெட்டியின் பக்கம் குனிந்து, “ஓரத்தைப் பாருடா, எத்தன தட்டு தட்டியிருக்கான் எண்ணு” என்றார். பையன் எண்ண ஆரம்பித்தான். நானும் எண்ணினேன்.

*

கல் உடைக்கப் பழகும் தொல்லியல் மாணவர்களில் பலர் பாட்டிலின் அடிக்கண்ணாடியில்தான் கை பழக்குகிறார்கள். வரலாற்றிலும் இது நடந்திருக்கிறது. கலிபோர்னியாவின் யாகி இனத்தில் கடைசியாக எஞ்சியவராகக் கருதப்பட்ட இஷி 1911இல் வெளியுலகத்தின் முன் வந்து, சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக மானிடவியல் அருங்காட்சியகத்திலேயே வாழ்ந்தார். 1916இல் இறந்தார். பார்வையாளர்கள் முன் அவர் அம்புமுனை செய்து காட்டினார், பாட்டில் கண்ணாடியில். ஆஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதிப் பழங்குடிகள் தந்திக் கம்பத்துப் பீங்கானிலும் பாட்டில் கண்ணாடியிலும் மிக நுட்பமான ஈட்டிமுனைகள் செய்தார்கள். புதுப்பொருள் கைக்கு வந்த அன்றே அதன் குணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல்லில் கற்ற கை அது.

கண்ணாடிக்கென்றே பெரிய அருங்காட்சியகம் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஊரில், செமங் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1951இல் திறந்தது. 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் வெள்ளம் உள்ளே புகுந்து சேறாக்கியது; கழுவி, ஒட்டி, மீண்டும் அடுக்கினார்கள். முப்பத்தைந்து நூற்றாண்டுக் கண்ணாடியை அங்கே வரிசையாகப் பார்க்கலாம். அதற்கு முந்தைய பதினைந்து லட்சம் ஆண்டு, கண்ணாடியைப் போல் உடையும் பொருளை மனிதக் கை எப்படி ஆண்டது என்பதற்குச் சான்று நம் கொசஸ்தலைக் கரையில். கார்னிங்கில் கூட்டம் நெரிகிறது.

*

இந்தக் கருவிகளை இங்கே முதலில் அடையாளம் கண்டவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1834இல் பிறந்தவர், 1858இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு வந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழியொன்றில் முதல் கைக்கோடரியைக் கண்டார். கோடை உச்சம். ஃபிரான்சில் சோம் ஆற்றுச் சரளைகளில் கிடைத்த கருவிகள் மனிதர் செய்தவைதான் என்று ஐரோப்பாவின் அறிஞர்கள் ஒப்புக்கொண்டு நாலே ஆண்டு ஆகியிருந்தது. அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய கண் பல்லாவரத்தில் சட்டென்று பிடித்துக்கொண்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்ற தன் துறைத் தோழருடன் அத்திரம்பாக்கம் வந்தார். அங்கே கருவிகள் அள்ள அள்ளக் கிடைத்தன. பல்லாவரத்துக்குப் பெயர் கிடைத்தது. ஆய்வுக்கு வளம் கொடுத்தது அத்திரம்பாக்கம். ஃபூட்டின் சேகரிப்பை 1904இல் மதராஸ் அரசு வாங்கியது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூண்டிக்குப் போகிறவர்கள் எழும்பூரையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

*

அத்திரம்பாக்கம் சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. வடமேற்கே. ஓடை அரித்த சிவப்பு மண், முள்செடி, பனை. கண்ணுக்குக் காட்ட அங்கே எதுவும் இல்லை. ஆனால் இந்தியத் தொல்பழங்காலம் பற்றிய கணக்குகள் இரண்டு தடவை மாறியது இந்தச் சிவப்பு மண்ணால்தான்.

சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு 1999 முதல் இங்கே அகழ்ந்தது. கீழே ஒரு தடித்த களிமண் படுகை. டைனோசர் காலத்தது என்று வெகுநாள் எண்ணப்பட்ட படுகை அது. அதற்குள் யாரும் மனிதக் கருவியைத் தேடவில்லை. இவர்கள் தோண்டினார்கள். களிமண்ணுக்குள்ளேயே கைக்கோடரிகள் இருந்தன. விலங்குகளின் புதைபடிவப் பற்கள் இருந்தன, குளம்புத் தடங்கள்கூட இருந்தன. இன்னொன்று: அந்தக் களிமண்ணில் கருவி செய்யத் தகுந்த கல் கிடையாது. வேறிடத்தில் பெரிய செதில்களாகப் பெயர்த்து இங்கே தூக்கி வந்திருக்கிறார்கள். எங்கே கல் இருக்கிறது, எங்கே வேலை இருக்கிறது, நடுவே எவ்வளவு தூரம் என்று மனதில் கணக்குப் போட்டவர்கள் அவர்கள்.

வயதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு அலுக்கவே அலுக்காத கதை. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு ஐசோடோப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் உற்பத்தி நிற்கும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதையும். மிச்சமிருக்கும் விகிதத்தை அளந்தால் எவ்வளவு காலமாகப் புதைந்து கிடக்கிறது என்று சொல்லிவிடலாம். அதாவது கைக்கோடரியே தன் கடிகாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. படுகையின் காந்தத் திசையையும் சேர்த்துப் பார்த்து 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தார்கள்: குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு, சராசரியாக 15 லட்சம் ஆண்டு. ஐரோப்பாவில் இத்தகைய கைக்கோடரிகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே.

2018இல் ‘நேச்சர்’ இதழில் அடுத்தது. மேல் படுகைகளில் பெரிய கைக்கோடரிகள் அருகிப்போய், சிறு கருவிகள் பெருகுகின்றன. கல்லை முதலில் ஆமை ஓட்டின் வளைவுக்குச் சீவி வைத்துக்கொண்டு, வேண்டிய வடிவச் செதிலை ஒரே தட்டில் பெயர்க்கும் முறை. லெவல்வா என்பார்கள். அந்த மாற்றம் இங்கே ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நவீன மனிதர்தான் வெகு பிந்தி இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார் என்ற கணக்கு இதனால் ஆட்டம் கண்டது. செய்தவர்களின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. கை மட்டும் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

*

பூண்டிப் பக்கத்துக் குடியம் குகைக்கு முட்காட்டு நடை. வெயில் ஏறுமுன் கிளம்பவேண்டும், தண்ணீர் நிறைய வேண்டும். அல்லிகுழி மலைத்தொடரில் பாறை வளைந்து பெரிய கூரையாக நிற்கிறது. உள்ளே அம்மன். மஞ்சளும் குங்குமமும் பூசிய கல்லுக்குப் பின்னால், பாறைச் சுவர் முழுக்க உருண்டைக் கூழாங்கற்கள் கடலைமிட்டாயில் கடலை பதிந்ததுபோல் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் குவார்ட்சைட்.

இந்தச் சுவரைப் பார்க்கத்தான் நான் அங்கே போகிறேன். வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு கடலோரத்தில் மணல். அது இறுகிக் குவார்ட்சைட் ஆனது. கடப்பைப் படுகையின் மலைகள், திருத்தணிப் பக்கம் நின்றால் தெரியும் நகரி மலை உட்பட, அந்தக் கல்தான். பிறகு, டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், இன்று பெயரில்லாத ஓர் ஆறு அந்த மலைகளைக் கரைத்து உருட்டிக்கொண்டு வந்து இங்கே கொட்டியது. கொட்டியது இறுகி அல்லிகுழி மலை ஆனது. அந்த மலையும் கரைந்தது. அதிலிருந்து உதிர்ந்த கூழாங்கற்களை மழைநீர் ஓடைகளில் பரப்பியது. கைக்கு அடக்கமாக, கண்ணாடிபோல் உடையக்கூடிய கல், ஆற்றருகே, வேண்டிய மட்டும். மனிதர்கள் வந்தார்கள். வந்தவர்கள் போகவே இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

ஃபூட் இந்தக் குகையையும் பார்த்து எழுதியிருக்கிறார். 1960களில் கே.டி. பானர்ஜி அகழ்ந்தார். நான் போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இரண்டு கற்களை உரசிப் பொறி வரவழைத்துக் காட்டினார். “எங்க தாத்தா பஞ்சு வெச்சு பீடி பத்தவைப்பாரு இதுல” என்றார். தீப்பெட்டி இருக்கிறதே ஐயா என்றதற்கு, “அது மழைல நமுத்துப்போகும்” என்று பதில்.

*

பூண்டி அணை பற்றி. 1939-40இல் சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தி பட்டணத்துக் குடிநீருக்காக விடாப்பிடியாக நின்று அடிக்கல் நாட்டவைத்தார். 1943இல் இறந்துவிட்டார். 1944இல் அணை முடிந்தது, அவர் பார்க்கவில்லை. இன்று அது சத்தியமூர்த்தி சாகர். முழு மட்டம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996 முதல் கண்டலேறுவிலிருந்து கிருஷ்ணா நீரும் ஊத்துக்கோட்டை வழியாக இங்கே வந்து சேர்கிறது. சென்னையில் குழாயைத் திறக்கிறவர்கள் பலருக்கு இந்த ஊர் தெரியாது.

அணைக்காகத் தண்ணீருக்குள் போனவற்றில் திருவெண்பாக்கத்துப் பழைய கோயிலும் ஒன்று. அங்கிருந்த ஊன்றீஸ்வரர் இப்போது நீர்த்தேக்கத்தருகே புதிதாகக் கட்டிய கோயிலில். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கண்ணிழந்த சுந்தரர், இங்கே வந்து கண் கேட்டார், கிடைத்தது ஊன்றுகோல். கோபத்தில் வீசினார். அது நந்தியின் கொம்பை உடைத்தது. உடைந்த கொம்போடுதான் நந்தி இருக்கிறார். அம்பாள் மின்னொளியம்மை, கண் தெரியாதவருக்கு மின்னலாய் வழிகாட்டியவள். இடக்கண் காஞ்சியிலும் வலக்கண் திருவாரூரிலும் கிடைத்ததாக வரலாறு. கண்ணை ஒரேயடியாகக் கொடுக்காமல் நடக்கவைத்துக் கொடுத்த கடவுள். கூட்டமில்லாத மத்தியானத்தில் நந்தியின் பக்கம் உட்கார்ந்திருக்கலாம்.

*

உண்மையான கண்ணாடி இந்தக் கரைக்கு எப்போது வந்தது? திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் வழியில் பட்டரைப்பெரும்புதூர். மாநிலத் தொல்லியல் துறை 2015-16இல் அகழ்ந்தது. கற்கருவியிலிருந்து தொடங்கி, உறைகிணறு, ரௌலட் பானையோடு, தமிழி எழுத்துப் பொறித்த ஓடு என்று ஒரே ஊரில் காலம் மேலே மேலே அடுக்கியிருக்கிறது. கண்ணாடி மணிகளும் கிடைத்தன. ஓரங்குலம்கூட இல்லாத மணி. கல் உடைத்த கைக்கும் கண்ணாடி கோத்த கைக்கும் நடுவே உள்ள காலம் ஓர் ஊர்க் குழிக்குள் அடங்கிவிட்டது.

இந்த மணிகளைச் செய்யும் வித்தை அரிக்கமேட்டில் ஓங்கியிருந்தது. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாய் இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு மீண்டும் சூடாக்கி விளிம்பை மழுக்குவது. பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். ஆப்பிரிக்கா முதல் கிழக்காசியா வரை பரவியிருப்பதால். அதே இழுப்பு முறை ரேணிகுண்டாவை அடுத்த பாபநாயுடுபேட்டையில் நம் காலம் வரை உயிரோடு இருந்ததையும் அவர் பதிவு செய்தார். திருவள்ளூரில் ரயில் ஏறினால் எட்டிவிடும் தூரம். அடுத்து அங்கே போகவேண்டும்.

*

பக்கத்து மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலை 2000த்திலிருந்து கண்ணாடி வார்க்கிறது. மணலும் சோடாவும் சுண்ணாம்பும் 1,500 டிகிரிக்கு மேல் உருகி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதந்து பரவுகிறது. திரவத்தின் மேல் திரவம் படுப்பதால் இரு பக்கமும் தேய்க்காமலே சமமாகிவிடும். இங்கிலாந்தில் பில்கிங்டன் ஆலை 1959இல் உலகுக்கு அறிவித்த முறை. இத்தகைய உலையைத் தினம் மூட்டி அணைக்க முடியாது. பற்றவைத்தால் ஆண்டுக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் இரும்பின் ஊர். உருட்டாலைகள், வார்ப்பாலைகள், ரசாயனம். மூர் மார்க்கெட்டிலிருந்து வரும் புறநகர் ரயிலில் ஷிப்ட் மாறும் நேரத்தில் தமிழோடு ஒடியாவும் இந்தியும் சேர்ந்து கேட்கும். வார்ப்பாலையில் உருகிய இரும்பைத் தாங்குவதும் சிலிக்கா மணல்தான். அச்சு பிடித்து, காயவைத்து, இரும்பை ஊற்றி, ஆறியதும் மணலைத் தட்டி உதிர்ப்பார்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். ஆறாது. கல் செதுக்கியவர்களையும் கண்ணாடி ஆலைக்காரர்களையும் தொடர்ந்து வந்த நோய் இது. முகக்கவசமும் தண்ணீர்த் தெளிப்பும் தடுக்கக்கூடியதை இன்னும் தடுக்காமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

*

மணலும் கண்ணாடியும் கல்லில் சந்திக்கும் இடம் பழவேற்காடு. பொன்னேரியிலிருந்து பஸ். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை வணிகத்தை இங்கிருந்து நடத்தினார்கள். கோட்டை இன்று புதர் மூடிய மேடு. கல்லறை நன்றாக இருக்கிறது, மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன, ஒன்றிடம் மணற்கடிகாரம்.

கொசஸ்தலை இங்கே வராது. அது எண்ணூரில் கடலைச் சேர்கிறது, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகத்தில். மேல்கரையில் பதினைந்து லட்சம் ஆண்டைப் பாதுகாத்து வைத்திருக்கும் ஆறு, கீழ்க்கரையில் படும் பாடு இது.

*

கடைசியாக, மனதை உறுத்துவது. கருவிகள் கிடக்கும் சிவப்புச் சரளைதான் சாலைக்கும் மனைக்கும் நிரப்பப் பயன்படும் கிராவல். மண் வெட்டும் பொக்லைனுக்குக் கைக்கோடரி தெரியாது. ஒரு லோடில் எத்தனை போகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. மண் எடுக்க அனுமதி தருமுன் தொல்லியல் துறையைச் சேர்ந்த ஒருவர் அந்த மேட்டை ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும் என்று விதி வைத்தால், இந்த மாவட்டத்துக்கு அது பெரிய காரியம்.

பூண்டி அகழ்வைப்பகத்துக்கு நான் கேட்பது: ஒரு மேசை, ஒரு கூடைக் கூழாங்கல், தட்டுவதற்கு ஒரு சுத்தியல் கல், கண்ணுக்குக் கவசம், சொல்லித்தரத் தெரிந்த ஒருவர். வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு செதில் பெயர்த்துப் பார்க்கட்டும். முதல் செதில் சரியாக வராது. நாலாவது, ஐந்தாவதில் கை பிடிக்க ஆரம்பிக்கும். அந்தக் கூழாங்கல் ஆற்றிலிருந்து புதிதாக எடுத்ததாக இருக்கவேண்டும். அத்திரம்பாக்கம், குடியம் பக்கம் தரையில் கிடப்பதைத் தொடக்கூடாது. கிடந்த இடத்தோடு படம் எடுத்துக்கொண்டு வந்து அகழ்வைப்பகத்தில் காட்டினால் போதும்.